சுட்டியும் சுட்டுவிரலும்

துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என்று துறைத்தலைவர் கேட்டபோது, காப்பியத்திலோ இலக்கணத்திலோ ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். எழுத அமர்ந்ததும் மனம் அங்கே செல்ல மறுத்துவிட்டது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் துறை அறையில் ஒரு முற்பகல் முழுவதும் நடந்த நிகழ்ச்சி ஒன்றே மீண்டும் மீண்டும் முன்வந்து நின்றது. கணினியோடு சேர மறுத்த ஒரு கம்பியில்லாச் சுட்டியைப் பற்றியது அது. தமிழாசிரியன் ஒருவன் மலரில் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் புன்னகைக்கலாம், புன்னகைக்கட்டும். அன்று நான் செய்த பிழையை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எழுத எனக்குக் கை வரவில்லை.

மாணவர்கள் அதனை மவுஸ் என்றே சொல்கிறார்கள். சுட்டெலி என்பாரும் உளர். எனக்குச் சுட்டி என்னும் சொல்லின்மேல் தனியாக ஒரு பற்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பாரின் எண்ணத்தில் தோன்றி, பில் இங்கிலிஷ் என்னும் பொறியாளரின் கையால் 1964-இல் உருவான முதற்கருவி ஒரு சிறு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதனைப் பலர் அறிய இயக்கிக் காட்டினார். பெட்டியிலிருந்து நீண்ட கம்பி வால்போல் தோன்றியதால் எலி என்னும் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இன்று வால் போய்விட்டது. ஆங்கிலத்தில் எலி மட்டும் எலியாகவே இருக்கிறது. நம்மவர் உருவத்தைப் பாராமல் தொழிலைப் பார்த்துப் பெயர் வைத்தனர். வால் இருந்தாலும் அறுந்தாலும் சுட்டி சுட்டும். அ, இ, உ ஆகியவற்றைச் சுட்டெழுத்து என்று வகுத்துக் கற்றவர்களுக்கு இச்சொல் இயல்பாக வந்து வாய்த்ததில் வியப்பில்லை. ஆனால் சுட்டுவது எப்போதும் சரியான பொருளைத்தான் என்று சொல்வதற்கில்லை. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

எங்கள் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், எனக்கும் ஆசிரியர், எண்பது வயதைக் கடந்தவர். கடற்கரை ஊர்களில் நடந்து நடந்து, மீனவர் வழங்கும் சொற்களை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரட்டி வைத்திருந்தார். கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்கு மட்டுமே அவர் குறிப்பேட்டில் பல பக்கங்கள். அத்தொகுப்பைத் துறையின் சார்பில் நூலாக்க முடிவு செய்து, மெய்ப்புப் பார்க்கும் பணி இறுதிக்கு வந்திருந்தது. மறுநாட் காலைக்குள் கோப்பு தம் கைக்கு வரவேண்டும் என்று அச்சகத்தார் சொல்லிவிட்டனர். பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது. தாளில் அச்சிட்ட எழுத்தைப் படிக்க இயலாது. துறையிலுள்ள பெரிய திரையில் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி, சற்றுத் தள்ளி ஒரு சாய்வு நாற்காலியில் அமர்ந்துதான் படிப்பார். கையிலும் நடுக்கம். மடியில் கனமான புத்தக அட்டை ஒன்றை வைத்து, அதன்மேல் கம்பியில்லாச் சுட்டியை மெல்ல நகர்த்தி, பிழையுள்ள சொல்லருகே நிறுத்துவார். நாங்கள் திருத்துவோம். அவருக்கு வேறு வழி இல்லை என்பதை உணர்த்தவே இவ்வளவும் சொன்னேன்.

அன்று காலை பத்து மணிக்கெல்லாம் பேருந்தில் வந்து, நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தார். கணினியை இயக்கினேன். திரை வந்தது, கோப்பும் வந்தது. சுட்டுக்குறி மட்டும் திரையின் நடுவே அடித்துவைத்த முளைபோல் நின்றது. சுட்டியை நகர்த்தினேன், தட்டினேன், கையில் எடுத்துக் குலுக்கியும் பார்த்தேன். அசைவில்லை.

முந்தைய நாள் மாலை அக்கணினியில் தட்டச்சு செய்தவர் எங்கள் முதலாண்டு மாணவர் ஒருவர். கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளை. அதிகம் பேசாதவர். அவ்வேளையில் வருகைப் பதிவேட்டை வாங்கிச் செல்ல அறைக்குள் வந்தார்.

"நேற்று கடைசியாக இதில் உட்கார்ந்தவன் நீதானே தம்பி? என்ன செய்தாய்?" என்றேன்.

"ஒன்றும் செய்யவில்லை ஐயா. தட்டச்சு முடிந்ததும் அணைத்துவிட்டுப் போனேன்."

"ஒன்றும் செய்யாமலா இப்படி ஆகும்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வீட்டில் கணினி இல்லாதவர்கள் இவற்றைத் தொடுமுன் கேட்டுக்கொண்டு தொடவேண்டும் என்று, அறையில் ஆசிரியர் இருவரும் மாணவர் இருவரும் இருக்க, சற்று உரத்தே சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பயின்ற காலத்திலேயே அந்தச் செய்கையின் பொருள் எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்போது நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு சோதிக்கத் தொடங்கினேன். இந்த வரிசை உண்மையில் குற்றம் சாட்டுமுன் நடந்திருக்க வேண்டியது. சுட்டியின் அடியில் ஒரு சிறு நிறுத்துவிசை உண்டு. அது திறந்தே இருந்தது. பேட்டரியை மாற்றினேன். முனைகள் மாறாமல் பார்த்து இட்டேன். பேட்டரியைத் தொடும் கம்பிச்சுருளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மின்சாரம் ஏறாது என்பதால், காகிதத்தை மடித்து அதனைத் தேய்த்தேன். கவிழ்த்துப் பார்த்தபோது சிவப்பு ஒளி தெளிவாக எரிந்தது. எல்லாச் சுட்டிகளிலும் இவ்வொளி கண்ணுக்குத் தெரியாது. சிலவற்றில் கண் காணாத அகச்சிவப்புக் கதிரே வேலை செய்கிறது, ஆகையால் ஒளி தெரியவில்லை என்பதற்காகச் சுட்டி இறந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. எங்களுடையதில் ஒளி இருந்தது. சுட்டி உயிரோடுதான் இருந்தது.

அடுத்தது ரிசீவர். மாணவர் டாங்கிள் என்பர். விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய அத்துண்டு கணினிப் பெட்டியின் பின்புறத் துளையில் செருகியிருந்தது. பெட்டியை இழுத்து, அதனை எடுத்து, வேறொரு துளையில் செருகினேன். கணினி வழக்கம்போல் ஒலி எழுப்பி, புதிய கருவி வந்ததை அறிவித்தது. கணினி ரிசீவரைக் கண்டுகொண்டதை, சுட்டியைக் கண்டுகொண்டதாக நான் பொருள் கொண்டேன். அரைமணி நேரம் அந்தத் தவறான உரையிலேயே கழிந்தது. அலுவலகத்திலிருந்து கம்பியுள்ள சுட்டி ஒன்றை வாங்கிவந்து அதே துளையில் இட்டபோது சுட்டுக்குறி ஓடியது. ஆகவே துளையிலும் கணினியிலும் குறையில்லை. பெரியவரை அக்கம்பிச் சுட்டியால் வேலை பார்க்கச் செய்தோம். கம்பி நாற்காலிவரை எட்டவில்லை. மேசை விளிம்பில் நெருங்கி உட்கார்ந்தால் திரை கண்ணுக்கு மிக அருகே வந்து, எழுத்து கலங்கியது. பத்து நிமிடம் முயன்று, "முடியவில்லையப்பா" என்று கையை எடுத்துக்கொண்டார்.

இதற்கிடையே அம்மாணவர் போய்விடவில்லை. கதவருகே நின்றவர், நான் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கத் தடுமாறுவதைக் கண்டு, "நான் ஒரு முறை பார்க்கட்டுமா ஐயா?" என்றார். இசைந்தேன். விசைப்பலகையின் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினார். அதன்பின் வலப்பக்க எண் விசைகளைத் தட்டத் தட்டச் சுட்டுக்குறி மேலும் கீழும் நகர்ந்தது. சுட்டியே இல்லாமல் சுட்டுக்குறியை நகர்த்தும் இந்த வழி விண்டோஸில் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது. எங்கே கற்றாய் என்று கேட்டேன். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய அக்காளுக்கு ஒன்று கிடைத்ததாம். சில ஆண்டுகளில் அதன் தொடுபலகை பழுதாகிவிட, புதிய சுட்டி வாங்க வீட்டில் வசதியில்லாமல், எல்லா வேலையையும் விசைகளாலேயே செய்யப் பழகினாராம். வீட்டில் கணினி இல்லாதவர் என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய பிழை! அவர் அதைக் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவே.

எண் விசைகளால் நகரும் சுட்டுக்குறி ஆமைவேகம். பெரியவருக்கு உதவாது. சுட்டியையும் ரிசீவரையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் துறைக் கணினியில் இட்டுப் பார்க்கலாம் என்றார் மாணவர். அங்கும் அதே மௌனம். இப்போதுதான் எனக்குச் சற்றே புரிந்தது. கணினி நலம், சுட்டி நலம், ரிசீவரும் நலம். ஆனாலும் இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை.

"ஐயா, நம் துறையில் இதே மாதிரி இன்னொரு மவுஸ் இருக்கிறதா?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்வி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. இருந்தது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு. நிறமும் உருவும் ஒன்று. ஒன்று இக்கணினிக்கு, மற்றொன்று கருத்தரங்குக்கு எடுத்துச் செல்லும் மடிக்கணினிக்கு. முந்தைய நாள் மாலை அம்மாணவர் சென்ற பின்னர், நான் தனியாக வந்து, பென்டிரைவிலிருந்து ஒரு கோப்பை மாற்றினேன். முன்பக்கத் துளைகள் பழுதாகையால் பின்னாலிருந்த ரிசீவரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு, அவ்விடத்தில் பென்டிரைவைச் செருகினேன். வேலை முடிந்ததும் மேசைமேல் கிடந்த ஒரு ரிசீவரை எடுத்து, இதுதானே என்று திரும்பச் செருகிவிட்டு வீடு சென்றேன். மேசைமேல் கிடந்தது மடிக்கணினியினுடையது. உரியது என் சட்டைப்பையோடு வீட்டுக்குப் போய்விட்டது. மடிக்கணினியும் அதன் சுட்டியும் விடியற்காலையிலேயே வெளியூர்க் கருத்தரங்குக்குச் சென்ற நண்பரோடு போய்விட்டன. அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். "நானே உங்களை அழைக்க இருந்தேன். மவுஸின் அடியில் ரிசீவர் வைக்கும் குழி காலியாக இருக்கிறதே!" என்றார்.

இவ்வகைச் சுட்டிகள் வானொலி அலையால் பேசுபவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையை நம் நாட்டில் குறைந்த திறன் கருவிகள் உரிமம் பெறாமலே பயன்படுத்தலாம் என்று 2005-இல் மைய அரசு விதி வகுத்தது. வைஃபையும் புளூடூத்தும் அதே வெளியில்தான் உலவுகின்றன. நுண்ணலை அடுப்பும் அங்கேதான் இரைகிறது. அத்தனை இரைச்சலில் ஒரு சுட்டியின் குரலை அதன் ரிசீவர் மட்டும் கேட்பதெப்படி? வகுப்பில் வருகை எடுக்கும்போது எண்ணைச் சொன்னதும் அந்த எண்ணுக்குரியவர் மட்டும் எழுவதில்லையா, அதுபோலத்தான். ஒவ்வொரு செய்தியோடும் ஓர் அடையாள எண் செல்கிறது. தன் எண் அல்லாததை ரிசீவர் பொருட்படுத்துவதில்லை. விலை குறைந்த சுட்டிகள் பலவற்றுக்கு, இன்ன சுட்டிக்கு இன்ன ரிசீவர் என்று ஆலையிலேயே உறவு முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அதனால்தான் அடுத்த மேசைக்காரரின் சுட்டி நம் திரையில் ஓடுவதில்லை. அதனால்தான் ஒன்றைத் தொலைத்தால் மற்றொன்றும் பயனற்றதாகிறது. லாஜிடெக் நிறுவனம் 2009-இல் ஒரே ரிசீவரில் ஆறு கருவிகள்வரை சேர்க்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அத்தகைய ரிசீவருக்குப் புதிய சுட்டியை அறிமுகப்படுத்திக்கொள்ள மென்பொருள் உண்டு. எங்களுடையது அவ்வகையன்று.

புளூடூத் சுட்டிக்கு ரிசீவரே கிடையாது. அங்கே சிக்கல் வேறு மாதிரி. முன்பு வேறொரு கணினியோடு சேர்ந்த சுட்டி, அதையே தேடிக்கொண்டிருக்கும். அடியிலுள்ள பொத்தானை விளக்கு விரைந்து சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்து, கணினியின் பட்டியலிலிருந்து பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கவேண்டும். 1, 2, 3 என்று எண்ணிட்ட பொத்தான் சிலவற்றில் இருக்கும். எண் மாறியிருந்தால் சுட்டி வேறொரு கணினியோடு பேச முயன்றுகொண்டிருக்கும். இதைத் தெரியாமல் நல்ல சுட்டியைப் பழுதென்று தூக்கிப்போட்டவர்களை நான் அறிவேன்.

மீண்டும் அறைக்கு வருகிறேன். பிழை என்னுடையது என்பதை நான் சொல்லி முடிக்கும் முன்பே, "வீடு எங்கே என்று சொல்லுங்கள் ஐயா, நான் போய் வாங்கி வருகிறேன்" என்றார் அம்மாணவர். தூறல் விடவில்லை. என் வீடு இரண்டு கிலோமீட்டருக்கு மேல். விடுதித் தோழர் ஒருவரின் மிதிவண்டியை வாங்கிக்கொண்டு சென்றார். நான் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, ஆணியில் மாட்டிய சட்டையைச் சலவைக்கு எடுத்து, வாளியருகே வைத்திருந்தார்கள். இன்னும் சிறிது நேரம் கழிந்திருந்தால் ரிசீவர் சவுக்கார நீரில் ஊறியிருக்கும்.

முக்கால் மணி நேரத்தில், பாலித்தீன் உறையில் சுற்றிய ரிசீவரை நனைந்த கையால் நீட்டினார். செருகினோம். சுட்டுக்குறி ஓடியது. ஆனால் பெரியவர் தம் நாற்காலியிலிருந்து நகர்த்தியபோது அது நடுநடுவே திக்கித் தாவியது. "கச்சானில் அகப்பட்ட வள்ளம்போல் ஆடுகிறதே!" என்று பெரியவர் சிரித்தார். அன்று அவ்வறையில் எழுந்த முதற் சிரிப்பு அது. இதற்கும் காரணம் இருந்தது. நான் ரிசீவரைச் செருகிய இடத்துக்குப் பக்கத்து நீலத்துளையில் புறவன்தட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யு.எஸ்.பி. 3.0 எனப்படும் அவ்வகை இணைப்பு இயங்குகையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியிலே இரைச்சலைக் கிளப்பி, அருகிலுள்ள கம்பியில்லாக் கருவிகளின் எட்டும் தூரத்தைக் குறைக்கிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-இல் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. போதாக்குறைக்குப் பெட்டிக்கும் நாற்காலிக்கும் நடுவே இரும்பு அலமாரி. மாணவர் நீட்டிப்புக் கம்பி ஒன்றைத் தேடி எடுத்து, ரிசீவரைப் பின்னாலிருந்து மேசையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்தார். தாவல் நின்றது.

அதன்பின் மன்னிப்புக் கேட்டேன். காலையில் இருந்த நால்வரில் இருவர் வகுப்புக்குப் போயிருந்தனர். எல்லாரும் இருக்கச் சொன்ன சொல்லை, பாதிப் பேர் இருக்கத் திரும்பப் பெற்றேன். "பரவாயில்லை ஐயா" என்றார், திரையைப் பார்த்தபடியே. பெரியவர் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மாலை ஐந்தரைவரை மெய்ப்பு நடந்தது. கச்சான் என்னும் சொல்லுக்கு நேரே கீழ்காற்று என்று அச்சாகியிருந்ததைக் கண்டு, "எங்கள் ஊரில் மேல்காற்றுக்குத்தான் கச்சான் என்பார்கள்" என்று அம்மாணவரே சொன்னார். பெரியவர் குறிப்பேட்டைப் புரட்டச் சொல்லிக் கேட்டார். குறிப்பில் மேல்காற்று என்றே இருந்தது. தட்டச்சில் நேர்ந்த பிழை. நானும் இருமுறை படித்துப் பார்த்துச் சரியென்று விட்ட பக்கம் அது.

கருத்தரங்குக்குச் சென்ற நண்பர் திரும்பியதும், இரு சுட்டிகளின் முதுகிலும் இரு ரிசீவர்களின் மேலும் வெள்ளை வண்ணத்தால் எழுத்திட்டேன். வெளியே போவதற்கு அ. இங்கேயே இருப்பதற்கு இ. நூலும் வெளிவந்துவிட்டது. அம்மாணவர் இப்போது இரண்டாம் ஆண்டு. துறைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். பெரியவர் வரும் நாள்களில் அவரே உடனிருந்து உதவுகிறார். கணினிமுன் அமருமுன் மட்டும் ஒரு கணம் நின்று, "தொடலாமா ஐயா?" என்று என்னைக் கேட்கிறார். துறையில் வேறெந்த மாணவரும் அப்படிக் கேட்பதில்லை.